குவாங்கின் காலைப் பிடித்து இழுத்தவள்

ரோவேனா வந்த அன்றைக்கு நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நான் அங்கே இருந்தேன். நான் சொல்வதுதான் சரி.

ஹனோயில், வீடுகளுக்கு வரைபடம் போடுகிற அலுவலகம் எங்களுடையது. தேநீர் போடுவதும் தரை துடைப்பதும் என் வேலை. பிலிப்பைன்ஸிலிருந்து பயிற்சிக்கு ஒரு பெண் வருகிறாள், ஒரு வருஷம் நம் வியட்நாம் பாஷை படித்தவள் என்றார்கள். ஒன்பது மணிக்கு வரவேண்டியவள். விமானம் தாமதம்.

"இன்னைக்குள்ள நான் கையெழுத்துப் போட்டாத்தான் அவ காலேஜ்ல இந்தப் பயிற்சிய ஒத்துப்பாங்க. மதியத்துக்குள்ள வரலைன்னா அந்த இடத்துக்கு வேற ஆளக் கூப்பிட்டுக்குவேன்" என்று மேலாளர் குவாங் காலையிலிருந்தே சிடுசிடுத்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு அடித்தது. சாப்பிட்டார்கள், திரையை இழுத்தார்கள், விளக்கை அணைத்தார்கள், பாயை விரித்தார்கள். எங்கள் ஊர் ஆபீஸ் வழக்கப்படி அதற்குப் பிறகு ஒன்றரை வரை தூக்கம்; யாரையும் எழுப்பக் கூடாது.

பன்னிரண்டே முக்காலுக்கு ரோவேனா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிவந்து கதவைத் திறந்திருக்கிறாள். உள்ளே இருட்டு. மேஜைகளுக்கு நடுவே ஒன்பது பேர் தரையில் கிடக்கிறார்கள். வாசலோரம் வரைபடம் போடுகிற பெண் ஹுவேன், முகத்தில் துண்டோடு. நடுவில் குவாங், வாயைப் பிளந்துகொண்டு.

பின்கட்டில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த எனக்கு ஜன்னல்கள் படார் படாரென்று திறக்கிற சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். முன்பின் பார்த்திராத பெண் ஒருத்தி, மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, குவாங்கின் இரண்டு கணுக்காலையும் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டை மார்புவரை ஏறிவிட்டது. நிலைப்படியில் தலை 'டொக்' என்று இடித்தது. கண்ணைத் திறந்தான்.

"யாரு நீ?"

அவள் காலை விடவில்லை. "உயிரோடயா இருக்கீங்க?"

"தூங்கிட்டிருந்தேன்."

"எல்லாருமா?"

"மத்தியானம் வேற என்ன பண்ணுவாங்க?"

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன்.

"ஏதோ விஷவாயுன்னு நெனச்சேன் பெரியம்மா" என்றாள்.

ஹுவேன் துண்டை விலக்கினாள். "வாசல்லயே கெடந்தேன். என்னைத் தாண்டிப்போய் குவாங் அண்ணனை இழுத்திருக்கே?"

"உங்க துண்டு அசைஞ்சுது. இவருக்குத்தான் மூச்சே வரல."

"அது அப்படித்தான். அண்ணனுக்குக் கொறட்டை நடுவுல நின்னு நின்னு வரும்."

குவாங் தலையைத் தடவினான். வீங்கியிருந்தது. "மதியம் தாண்டிடுச்சு. வேற ஆளுக்குச் சொல்லிடுங்க."

அவள் பையிலிருந்து காலேஜ் கடிதத்தை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒன்பது பொணம்னு நெனச்சும் உள்ள வந்திருக்கா. நீயா இருந்தா கதவச் சாத்திட்டு ஓடியிருப்பே, குவாங்கு."

"நானா?"

"நீதான்."

"போன மாசம் பல்லிக்கே ஓடினீங்களே அண்ணே" என்றாள் ஹுவேன்.

கடிதத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டான். "இன்னும் அரை மணி இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படுத்தான். மறுபடி விளக்கை அணைத்தார்கள்.

அவளுக்கும் ஒரு பாய் கொடுத்தேன். படுத்தாள், ஆனால் கண்ணை மூடவில்லை. குவாங்கின் குறட்டை நின்றபோதெல்லாம் பாதி எழுந்து உட்கார்ந்தாள். அது திரும்ப வந்த பிறகுதான் தலையைச் சாய்த்தாள்.