சட்டியில் ஒட்டிய முகம்

அம்மைத் தழும்பு அசிங்கமில்லை என்று ஒரு குழந்தையை நம்பவைக்க நான் ஆப்பிரிக்கா வரைக்கும் துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் மாதா கோவிலையொட்டிய பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். பெரியம்மை வந்து பிழைத்த ஒரு பெண் துண்டால் முகத்தை மூடிக்கொண்டுதான் வருவாள். "ஒட்டிக்கிரும் டீச்சர்" என்று பிள்ளைகள் தள்ளி உட்காரும். ஆறி மாசக்கணக்காச்சு, இனி எங்கே ஒட்டும்! கத்திக் கத்தி என் தொண்டைதான் காய்ந்தது. "இந்த மாசம் பாக்குறேன். இப்படியே அழுதுக்கிட்டு வந்தாள்னா நிறுத்திப்புடுறேன்" என்று அவளுடைய அம்மா சொல்லிவிட்டுப் போனாள்.

ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய கன்னியாஸ்திரி ஒருவரிடம் ஒரு படம் இருந்தது. மர முகமூடி. நீண்ட மூக்கு, சின்ன வாய், கன்னமெல்லாம் வரிசையாகத் தழும்பு. அங்கே அந்தத் தழும்பை அழகுக்காக முகத்தில் கீறிப் போட்டுக்கொள்வார்களாம். விடுவேனா?

படத்தை வகுப்பில் காட்டி, அங்கே இதுதான் அழகு என்று சொல்லி, ஆளுக்கொரு பழைய சட்டி கொண்டுவரச் சொன்னேன். கவிழ்த்து எண்ணெய் தடவி, பேப்பரைக் கிழித்து மைதாப் பசையில் ஒட்டினோம். முடிக்குத் தேங்காய் நார், கறுப்புக்கு அடுப்புக்கரி. தழும்புக்கு மற்ற பிள்ளைகள் துவரம்பருப்பை ஒட்டின. அவள் மட்டும் ஈரப் பேப்பரில் விளக்குமாற்றுக் குச்சியால் அமுக்கி அமுக்கிக் குழி வைத்தாள். அத்தனை அழகு! "ஏய், எனக்கும் வச்சுத் தாடி" என்று ஒருத்தி ஒட்டி உட்கார்ந்தாள். துண்டு எப்போது தோளுக்கு இறங்கியதென்று அவளுக்கே தெரியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காய்ந்ததும் முகமூடியை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சாயங்காலம் நத்தம் ரோட்டில் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். பூட்டுப் பட்டறையில் வேலை செய்த அப்பா, குடியிருந்த கூரை வீட்டுக்கு முன்னாலேயே புது வீடு எழுப்பிக்கொண்டிருந்தார். பாதிச் சுவரில், ரோட்டைப் பார்த்தபடி, அந்த முகமூடி தொங்கியது. வாயில் சிவப்புத் துணி நாக்கு. கீழே பிய்ந்த செருப்பு ஒன்று.

"வாங்க டீச்சர்! எம் புள்ள கையால செஞ்சது, பாத்தீகளா? திருஷ்டிக்குப் பூசணிக்கா வாங்கணும்னு இருந்தேன். இதைப் பாத்தா எவன் கண்ணும் படாது. அம்புட்டுப் பயங்கரம்!"

அந்த மனுஷனுக்குப் பெருமையில் முகமெல்லாம் சிரிப்பு. அவரை என்ன சொல்லித் திட்ட?

கூரை வீட்டுக்குள் மூலையில் அவள் உட்கார்ந்திருந்தாள். துண்டு மறுபடியும் மூக்கு வரைக்கும் ஏறியிருந்தது. "கழட்டச் சொல்றேன்டா கண்ணு. நாளைக்கு வந்துரு" என்றேன்.

"நீங்க அழகுன்னு சொன்னீக டீச்சர்" என்றாள். "எங்கப்பாவே பயங்கரம்னுதான சொல்லுது."

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. நான் கெஞ்சிக் கேட்டும் அவள் அப்பா முகமூடியைக் கழற்றவில்லை. வீடு முடிகிற வரைக்கும் இருக்கட்டும் என்றார். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். வெறும் பேப்பர்தானே, ஒரு மழை பெய்தால் கரைந்துவிடும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். அந்த வருஷம் எங்கள் பக்கம் மழையே இல்லை.