இங்குன் போட மறுத்த நீல ஜாக்கெட்

இங்குன் துணி வாங்கும் அழகைப் பார்ப்பதற்கென்றே ஊரில் சிலர் கடைக்குப் போவதுண்டு. சட்டையையும் கால்சட்டையையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போவாள். போட்டுக்கொண்டு வெளியே வருவாள். கண்ணாடிப் பக்கம் திரும்பவே மாட்டாள். நேராகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கால்கள் இரண்டையும் நீட்டி, அங்கே இல்லாத பெடல்களை மாற்றி மாற்றி மிதிப்பாள். வலது கையை நீட்டி முன்னால் எதையோ தள்ளுவாள். சட்டைக்கை மணிக்கட்டைவிட்டு மேலே ஏறினால் அந்தச் சட்டையின் கதை அதோடு முடிந்தது. இடுப்பில் பிடித்தால் கால்சட்டைக்கும் அதே கதி. இதெல்லாம் தேறிய பிறகுதான் உள்பக்கத்தைத் திருப்பி, என்ன நூல் என்று அச்சடித்த துண்டைப் படிப்பாள். கம்பளி, பருத்தி என்றிருந்தால் முகம் மலரும். பாலியெஸ்டர், நைலான் என்று ஒரு சொல் கண்ணில் பட்டுவிட்டால் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

"நின்னு பாத்தா நல்லாத்தானே இருக்கு?" என்பாள் கடைக்காரி.

"நான் நின்னுக்கிட்டு ஓட்டறதில்லையே."

அவள் ஓட்டுவது இரண்டு. பள்ளி நாட்களில் குழந்தைகளின் பேருந்து. கோடையில் பறக்கும் சங்கத்தின் சின்ன விமானம். எங்கள் பள்ளத்தாக்கில் பார்க்கும் திசையெல்லாம் பைன் மரம்தான். நார்வேயில் மழைக்குப் பஞ்சமில்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஜூனில் இங்கே வந்து காட்டுத் தரையில் கால் வைத்துப் பார்க்கட்டும், அப்பளம்போல நொறுங்கும். அப்படிக் காய்ந்த நாட்களில் தீயணைப்பு நிலையத்திலிருந்து தொலைபேசி வரும். சங்கத்தில் முறை உள்ள இருவர் ஏறிப்போய், எங்காவது புகை கிளம்புகிறதா என்று காட்டின் மேல் சுற்றிப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் பார்க்க. சம்பளம் கிடையாது. ஆனாலும் அந்த முறைக்காக இங்குன் வருடம் முழுவதும் காத்திருப்பாள். குளிர்காலம் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளின் சண்டையைத் தீர்த்துவைத்தபடி பேருந்து ஓட்டுகிறவளுக்கு, அந்த வானம் ஒன்றுதான் தனக்கென்று இருந்தது. அதை அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். விமானம் ஏறும்போது இங்குனுக்கு ஆடை முக்கால். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி, மேலே கெட்டிப் பருத்தியில் நீளக்கைச் சட்டையும் கால்சட்டையும், பெடலின் அசைவு பாதத்துக்குத் தெரிகிற மெல்லிய அடிப்பாகம் கொண்ட தோல் காலணி, தோல் கையுறை. வெயில் கொளுத்தினாலும் இதேதான். மற்றவர்கள் அரைக்கால்சட்டையும் ரப்பர் செருப்புமாக வருவார்கள். ஒரு காலத்தில் விமானப்படைக்காரர்கள் போட்டுக் கழித்த, தீ தாங்கும் துணியில் தைத்த முழு உடுப்பு ஒன்றையும் வாங்கிப் பார்த்தாள். அது ஏதோ ஒல்லிக்குச்சிக்குத் தைத்தது. இடுப்பில் இறுக்கிப் பிடித்ததில், தரையிறங்கும் நேரத்தில் ஓடுபாதையை விட்டுவிட்டு இடுப்பைப் பற்றி நினைத்தாளாம். "என்னைக் காப்பாத்த வேண்டிய துணியே என்னைக் கவுத்துடும்போல" என்று அன்றே அதைக் கழற்றி மூலையில் போட்டாள்.

இந்த நிலையில்தான் நீல ஜாக்கெட் வந்து சேர்ந்தது.

சங்கத்தின் தலைவர் ஸ்வெர்ரே டிராக்டர் பழுது பார்ப்பவர். தங்கமான மனிதர்தான், ஆனால் கூட்டம் என்று கூட்டிவிட்டால் நாட்டின் பாரமே தன் தோளில்தான் என்ற நினைப்பு வந்துவிடும். அந்த வருடம் பக்கத்து மரம் அறுக்கும் மில் ஒன்று எரிபொருள் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, எல்லோருக்கும் ஆளுக்கொரு ஜாக்கெட்டும் கொடுத்தது. பூனைக்குட்டி மாதிரி மெத்தென்ற நீலத் துணி. முதுகில் மில்லின் பெயர். தீக்காவலுக்குப் பறக்கிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் பறக்க வேண்டும் என்று ஸ்வெர்ரே தீர்மானம் கொண்டுவந்தார். கணக்கு பார்க்கும் தோரா உட்பட எல்லோரும் கை தூக்கினார்கள். இங்குன் தூக்கவில்லை, ஜாக்கெட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"முழுக்க பாலியெஸ்டர். காபி குடிக்கறப்ப போட்டுக்கறேன். விமானத்துல போடமாட்டேன்."

"அதுல என்ன குத்துது உனக்கு?"

"குத்தல. உருகும்."

"உருகறதுக்கு நீ என்ன அடுப்புக்குள்ளயா உக்காரப் போற?"

"முன்னாடி இன்ஜின், ரெண்டு இறக்கையிலயும் பெட்ரோல். நீயே சொல்லு, அது அடுப்பா இல்லையா?"

சிரிப்பு எழுந்தது. ஸ்வெர்ரேவுக்கு அது பிடிக்கவில்லை. "வாய் நல்லாத்தான் இருக்கு. ஆனா தீர்மானம் தீர்மானந்தான். சான்க்ட் ஹான்ஸ் திருவிழா வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள மனசு மாறலன்னா இந்தக் கோடையில உனக்கு முறை கிடையாது."

இங்குன் வீட்டுக்குப் போய் ஜாக்கெட்டை மேஜைமேல் எறிந்தாள். கணவன் ஓஸ்முன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். அவன் விமானத்தில் ஏறமாட்டான். ஓடுபாதையில் புல் வெட்டுவான், காபி கொண்டுவருவான், அவ்வளவுதான். ஏறினால் வயிறு கலங்கும் என்று சங்கத்தில் சொல்லி வைத்திருந்தான். ஏரியிலும் குளிக்கமாட்டான். "ஓஸ்முன் பூனை ஜாதி, வானமும் ஆகாது தண்ணியும் ஆகாது" என்று கேலி செய்வார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

வயிறு கலங்கும் என்பதெல்லாம் பொய். இந்த ஊருக்கு வருவதற்கு முன், வடக்கே கடலோரத்தில், அவன் இங்குனைவிடத் தேர்ந்த விமானி. அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசையைக் கிளப்பிவிட்டதே அவன்தான். ஒரு பனிக்காலக் காலையில் இன்ஜின் கிளம்ப மறுத்தது. குளிர்ந்த இன்ஜினுக்குக் கொஞ்சம் பெட்ரோலை முன்னதாகப் பம்பு அடித்துக் கொடுப்பது வழக்கம்; பொறுமை இழந்து மேலும் மேலும் அடித்தான். புதிதாகக் கற்பவனை எச்சரிக்கிற முதல் தவறு அது. குபீரென்று தீ பிடித்தது. குதித்துத் தப்பிவிட்டான். கைகளில் பட்ட காயம் ஆறிவிட்டது. ஆனால் அன்று அவன் போட்டிருந்தது நைலான் விளையாட்டுக் கால்சட்டை. அது உருகி வலது கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டது. டாக்டர்கள் துணியைத் தோலோடு சேர்த்துத்தான் எடுக்க முடிந்தது. அன்றிலிருந்து ஓஸ்முன் ஓட்டவுமில்லை, காலை வெளியே காட்டவுமில்லை. இங்குனிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

"என் காலக் காட்டி நீ ஜெயிக்கக் கூடாது" என்றான் இப்போதும், கத்தியைக் கீழே வைக்காமலே.

"நான் கேக்கவே இல்லையே."

"உன் மூஞ்சி கேக்குது."

அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை உருளைக்கிழங்கின் மேல் காட்டினாள். ஆனால் சத்தியம் சத்தியந்தான்.

ஜூன் கடைசியில் வரும் சான்க்ட் ஹான்ஸ் மாலையில் ஏரிக்கரையில் பெரிய தீ மூட்டுவது எங்கள் வழக்கம். அந்த வருடம் காடு காய்ந்திருந்ததால், கரையைவிட்டுத் தள்ளி நீண்டிருந்த கல்திட்டின் மேல் மட்டும் மூட்டச் சொல்லி உத்தரவு. சங்கத்துக்காரர்கள் எல்லோரும் நீல ஜாக்கெட்டில் வந்திருந்தார்கள். புளித்த பாலேட்டில் காய்ச்சிய கஞ்சி, சுட்ட சாசேஜ், வெயில் இன்னும் தண்ணீரின் மேல் கிடந்தது. இங்குன் ஒரு பையோடு வந்தாள். பையிலிருந்து தன் பங்கு நீல ஜாக்கெட்டையும் பூச்சி அரித்த பழைய கம்பளிச் சட்டை ஒன்றையும் எடுத்து, இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சட்டைக்கையை வெட்டி, நீளக் குச்சிகளில் மாட்டினாள்.

"சாசேஜ் தீந்துடுச்சா, இங்குன்?" என்றார் ஒருவர்.

முதலில் கம்பளி. கருகியது, முடி கருகுகிற நாற்றம் அடித்தது. வெளியே எடுத்ததும் தானாக அணைந்தது. விரலால் தேய்த்துக் காட்டினாள், பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடுத்து நீலம். தீ கிட்டத்தில் வந்ததுமே சுருங்கி, பற்றி, சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் தனியாக எரிந்தது. வெளியே எடுத்த பிறகும் அணையவில்லை. ஏரியில் முக்கிய பிறகு குச்சியோடு கல்லாக இறுகிக் கிடந்தது. தோரா அதைச் சுரண்டிப் பார்த்தாள், வரவில்லை.

சிரிப்பு அடங்கிப்போனது. ஆனால் ஸ்வெர்ரே அவ்வளவு லேசில் இறங்குபவரா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்.

"தீயில கொண்டுபோய்ச் சொருகினா எதுதான் எரியாது? நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தச் சங்கத்துல இத்தன வருஷம் பறக்கறோம். ஒருத்தர் மேலயாவது தீ பட்டிருக்கா? ஒரு ஆளக் காட்டு, நானே இதக் கழட்டிப் போடறேன்."

இங்குன் வாயைத் திறந்தாள். பதில் அவளுக்குப் பின்னால் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"இல்ல. இந்தச் சங்கத்துல இல்ல" என்றாள். பையிலிருந்து விமானத்தின் சாவியை எடுத்து ஸ்வெர்ரேயின் கையில் வைத்தாள். "என் முறைக்கு வேற ஆள் பாத்துக்கோ. நான் அதப் போட்டுக்கிட்டு ஏறமாட்டேன்."

ஸ்வெர்ரே சாவியை எதிர்பார்க்கவில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

ஓஸ்முன் கிண்ணத்தைக் கல்லின் மேல் வைத்தான். எழுந்து வந்தான். வலது காலைத் தூக்கி ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினான். கெண்டைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் பாதி இல்லை. மீதி, இழுத்து ஒட்டுப்போட்ட தோல், வெள்ளையும் சிவப்புமாக மினுங்கியது. அவனைப் பூனை என்று கேலி செய்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"நான் விமானி. நல்ல விமானி" என்றான் ஓஸ்முன். "பெட்ரோல அதிகமா அடிச்சேன், தப்பு என்னுது. தீ என் கால்ல இருந்தது கண்ண மூடித் தொறக்கற நேரந்தான். தீ அணைஞ்சிடுச்சு. துணிதான் அணையல."

ஸ்வெர்ரே ஜாக்கெட்டைக் கழற்றினார். தீயில் போடப் போனவர், அது ஒழுகும் என்று நினைவு வந்து, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சாவியை இங்குனிடம் நீட்டினார்.

"மில்லுக்காரன் பேர இறக்கைக்கு அடியில எழுதிடலாம்" என்றார். "மரமாவது படிக்கட்டும்."

பிறகு ஓஸ்முனைப் பார்த்தார். "வயிறு கலங்கும்னியே?"

"சும்மா சொன்னேன்."

"அப்ப நாளைக்கு இவ கூட ஏறேன். புகை பாக்க ஆள் வேணும்."

ஓஸ்முன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவள் கேட்கவே துணியாத கேள்வி அது. இப்போதும் அவள் எதுவும் கேட்கவில்லை. குனிந்து, கொசு கடிக்கும் என்று சொல்லியபடி, அவன் காலின் மேல் கால்சட்டையைக் கீழே இறக்கிவிட்டாள். கண்ணைத் துடைக்காமலே துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். நின்றாள். மறுபடி தேய்த்தாள்.

"வா. ஆனா இந்தக் கால்சட்டையோட வராத" என்றாள். "இது பாதி நைலான்."