ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றுபோன பூசாரி

இசோமத்சு கனடாவுக்குப் போயிருக்க வேண்டியவர். அங்கே ஆற்றில் சால்மன் மீன் எப்படி நெரிகிறது என்று அவர் மச்சினன் தோராகிச்சி நடித்தே காட்டுவான். "கைய விட்டா மீனு மச்சான், கால விட்டா மீனு. நீங்க சும்மா உக்காந்தா போதும், அதுவா மடியில ஏறும்." தோராகிச்சி பேச ஆரம்பித்தால் பாதி மீன் அவன் வாயிலேயே துள்ளும்.

ஆனால் அந்த வருஷம் எங்கள் ஹியோதானி ஊர்க் கோயில் இசோமத்சுவைப் பிடித்துக்கொண்டது. எங்களுக்குப் பரம்பரைப் பூசாரி கிடையாது. அறுவடைத் திருவிழாவன்று வீட்டுத் தலைவர்களின் பெயர்ச்சீட்டுகளைத் தட்டில் போட்டு, மேலே வெள்ளைக் காகிதக் குஞ்சத்தை ஆட்டுவோம். எந்தச் சீட்டு ஒட்டிக்கொண்டு வருகிறதோ அந்த ஆள் அடுத்த அறுவடை வரை பூசாரி. விடியற்காலையில் ஓடையில் முங்க வேண்டும், பனி பெய்தாலும். இறைச்சி கூடாது, சாவு வீடு கூடாது, பெண்டாட்டியோடு படுக்கை கூடாது. சோறுகூடத் தனி அடுப்பில்தான். எல்லாவற்றுக்கும் மேலே, ஓடையைத் தாண்டக் கூடாது. எப்போதோ ஒரு பூசாரி கள்ளத்தனமாகத் தாண்டிப்போய் ஆலங்கட்டி மழை ஊர் நெல்லையெல்லாம் படுக்கவைத்துவிட்டது என்று சொல்வார்கள். அந்த ஆளின் வயலை மட்டும் அது தொடவில்லையாம். அதுதான் பயமே.

அடுத்த திருவிழாவில், சாமி முன்னால், பழைய ஆளும் புது ஆளும் ஒரே கிண்ணத்தில் சாக்கே என்ற அரிசி மது குடித்தால் பழையவருக்கு விடுதலை.

"ஒரு வருஷந்தானே," என்றார் இசோமத்சு.

"ஒங்க குறட்டை இல்லாம ஒரு வருஷம். சாமி எனக்குத்தான் அருள் பண்ணியிருக்கு," என்றாள் அவர் மனைவி ஒகினு.

தோராகிச்சியும் கப்பல் பயணத்தைத் தள்ளிப்போட்டான்.

ஜப்பானில் மேய்ஜி சக்கரவர்த்தி ஆட்சியின் நாற்பத்தொன்றாம் வருஷம் அது. நாற்று நட்டு முடித்த சமயத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். மீசையை முறுக்கிவிட்டு, மூக்கால் பேசினார். "ஊருக்கு ஊரு சின்னச் சின்னக் கோயிலு. இது சாமிக்கே கௌரவக் குறைச்சல். இனிமே எல்லாச் சாமியும் டவுன் பெரிய கோயில்ல, ஒழுங்கா, ஒண்ணா இருப்பாங்க. தேசத்துக்கு நல்லது."

எங்கள் ஊர்த்தலைவர் கம்பெய் மூன்று தடவை தொண்டையைச் செருமினார். பேச்சு வரப்போகிறது என்று எல்லோரும் பார்த்தோம். நாலாவது தடவையும் செருமிவிட்டு, "உத்தரவுங்க," என்றார்.

சாமி இருந்த பெட்டியை வெள்ளைத்துணியில் சுற்றி டவுன்காரர்கள் தூக்கிப் போனார்கள். ஊரே பின்னால் நடந்தது. ஓடைக்கரை வந்ததும் இசோமத்சு நின்றார். பெட்டி அக்கரை ஏறி, மூங்கில் காட்டுக்குள் மறையும்வரை குனிந்த தலை நிமிரவில்லை. "பூசாரின்னா இவர்தான்யா பூசாரி!" என்று எல்லோரும் உருகினார்கள். நன்றாக உருகினோம். இனி பூசாரி கதி என்ன என்று ஒருத்தருக்காவது யோசனை வந்ததா?

கோயில் கற்பூர மரத்தை வெட்டி விற்றார்கள். கோயிலுக்கு முன்னால் நின்ற இரட்டைத் தூண் தோரி வாசலைப் பிடுங்கினார்கள். அறுவடை முடிந்தது. திருவிழா இல்லை. தோராகிச்சி வந்து நின்றான்.

"மச்சான், கப்பல் வந்துருச்சு. மூட்டையக் கட்டுங்க."

இசோமத்சு கம்பெய் வீட்டுக்குப் போனார். ஊரே கூடியது.

"எனக்கு விடுதலை குடுங்க தலைவரே."

"சாமி முன்னால கிண்ணம் மாத்தணும்பா," என்றார் கம்பெய். "சாமி டவுன்ல இருக்கு."

"அப்ப டவுனுக்குப் போய் மாத்திக்கிறேன்."

"போவணும்னா ஓடையத் தாண்டணுமே. விடுதலை ஆவாம எப்படித் தாண்டுவ?"

சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"டவுன் பூசாரிகிட்டக் கேட்டு ஆள் அனுப்பினோம்," என்று கம்பெய் தொடர்ந்தார். "அப்படி ஒரு பதவியே எங்க கோயில்ல இல்ல, இல்லாத பதவிலேருந்து எப்படி விடுவிக்கிறதுங்கிறாரு."

வாசலில் நின்ற ஒகினு பொறுக்காமல் உள்ளே வந்தாள். "அன்னைக்கு நீங்க பெட்டி பின்னாலயே போயிருக்கலாம்ல? சாமியே தாண்டுது, பூசாரி தாண்டக் கூடாதா? இங்க நின்னு கும்புடு போட்டீங்க!"

அன்று சரியாகச் செய்தோம் என்று இசோமத்சு நம்பிக்கொண்டிருந்த ஒரே காரியம் அதுதான்.

"சாமி இருந்த மேடை இங்கதானே இருக்கு?" என்றான் தோராகிச்சி. "அது முன்னால யாராவது கிண்ணத்த வாங்கிக்குங்க. முடிஞ்சு போச்சு."

அப்போது பார்க்க வேண்டுமே எங்கள் ஊர் வீரர்களை. ஒருத்தருக்கு மூட்டுவலி, குளிர்ந்த தண்ணீர் ஆகாது. ஒருத்தருக்கு அடுத்த வாரமே மாமனார் சாகப்போகிறார். மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்து பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தார். இப்போது வாங்குகிறவனிடமிருந்து அடுத்த வருஷம் யார் வாங்குவார்கள்? அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியில் கம்பெய் செருமாமல் பேசினார். "உண்மையச் சொல்லிடறேன் இசோமத்சு. மரம் போச்சு, வாசல் போச்சு. நீ ஒருத்தன் விடுபடாத வரைக்கும் நம்ம சாமியோட வருஷம் இங்க இன்னும் முடியல. ஒன்ன விட்டுட்டா அப்புறம் எங்களுக்கு என்ன இருக்கு?"

"எனக்கு என்ன இருக்கு தலைவரே?"



மறுநாள் விடியற்காலை அவர் முங்கப் போனபோது தோராகிச்சி அக்கரையில் மூட்டையோடு நின்றான். தண்ணீர் இடுப்பளவுதான். இசோமத்சு முங்கி எழுந்து, நடு ஓடைவரை போய்விட்டார்.

"நாலு எட்டு மச்சான்! ஆலங்கட்டி விழுந்தா விழட்டும். நீங்க கப்பல்ல இருப்பீங்க!"

இக்கரையில் சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தார். ஊர் முழுக்க வந்திருந்தோம். யாரும் தடுக்கவில்லை. யாரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. ஈரக் கரையில் முழங்காலிட்டு, கோயிலில் செய்வதைப் போலவே இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை கைதட்டி, மறுபடி குனிந்தோம். கம்பெய் முதல் ஆளாக.

இசோமத்சு இக்கரையைப் பார்த்து நடந்தார். அக்கரையில் தோராகிச்சி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, மூட்டையைத் தூக்கினான்.

தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறியவருக்குக் கால் வைக்க இடமில்லை, அவ்வளவு நெருக்கமாக நாங்கள் கிடந்தோம்.

"எந்திரிங்கய்யா," என்றார் இசோமத்சு. "நான் எங்க போவப்போறேன்?"