அணைக்காத மைக்

அந்த ஸ்டேஷனில் வண்டி வருவதை அறிவிக்கிறவருக்கு மைக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. தினமும் ரயிலேறி வேலைக்குப் போய்வருகிற கூட்டம் அவர் குரலை நம்பித்தான் கிடந்தது. மைக்கில் அவர் கனைக்கிற சத்தம் கேட்டால் போதும், வெளியே டீக்கடையில் அரட்டை அடிக்கிறவர்கள் கிளாஸை வைத்துவிட்டுப் படியேற ஆரம்பிப்பார்கள். அறிவிப்பு அப்புறம்தான் வரும்.

வீட்டில் மனுசன் அதிகம் வாய் திறக்கமாட்டார். பக்கத்து மேசை டிக்கெட் கிளார்க்கிடம் மட்டும் கொஞ்சம் நாக்கு நீளும். அன்று சாயங்காலம் வந்து நின்ற பாசஞ்சர் எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்லி முடித்தவர், சுவிட்சை அமுக்க மறந்து அவன் பக்கம் திரும்பினார்.

"இதுலதான் எங்க சம்பந்தி வர்றாரு. வாயத் தொறந்தா எங்கயுமே நிக்காத வண்டி. பொண்ணக் குடுத்த வீடாச்சே, ரெண்டு காதையும் சேத்துக் குடுத்துட்டு உக்காரணும்."

கிளார்க் சிரிக்கவில்லை, மைக்கையே பார்த்தான். பிளாட்பாரம்தான் சிரித்தது.

மைக்காரர் அடித்துப் பிடித்து சுவிட்சை அமுக்கினார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். இறங்கின இடத்திலேயே, பையை இறக்காமல், ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தபடி நின்றார் சம்பந்தி.

மைக்காரர் கீழே ஓடினார். அதற்குள் சம்பந்தி எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய், திரும்பிப் போகிற வண்டிக்கு நிற்கிறவர்களோடு நின்றுவிட்டார். மைக்காரர் கிட்டே போய் என்னென்னவோ உளறினார். கிளார்க் பயலிடம் விளையாட்டுக்குச் சொன்னது என்றார், வீட்டில் பொண்டாட்டி வழிபார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார். பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சுற்றி நின்றவர்கள் வேறெங்கோ பார்ப்பது போல் காதைக் கொடுத்திருந்தார்கள்.

சம்பந்தி கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

"உங்க பொண்ணு முழுகாம இருக்கா சம்பந்தி. நேர்ல சொல்லணும்னு வந்தேன். சொல்லியாச்சு."

அவ்வளவுதான். பஸ்ஸில் குடை தொலைந்த கதையையே ஒரு பொழுது முழுக்கச் சொல்கிற மனுசர். மைக்காரரின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

வண்டி அறிவிப்பில்லாமலே வந்து நின்றது. டீக்கடையில் நின்றவர்கள் அலறியடித்து ஓடிவந்து மைக்காரரைத் திட்டிக்கொண்டே ஏறினார்கள். வாங்கிக்கொண்டார். சம்பந்தி உள்ளே போய் அந்தப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

தாத்தா ஆகப்போகிற சேதி கையில் இருந்தும் மைக்காரருக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பொண்டாட்டி குதிப்பாள், கண் கலங்குவாள். குதித்து முடித்ததும் யார் சொன்னது, அவர் எங்கே என்று கேட்பாள்.