ஸ்கேன் அறையில் மஞ்சள் கயிறு

விழுந்துபோன என் கடைவாய்ப் பல்லுக்குப் பதிலாக, தாடையில் திருகாணி இறக்கிப் பொருத்தும் இம்பிளான்ட் பல் வைக்க வேண்டும். தாடையில் எலும்பு போதுமா, நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் திருகாணியை இறக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இன்று காலை ஸ்கேன்.

"கம்மல், மூக்குத்தி, செயின் எல்லாம் கழட்டிடுங்கம்மா. தங்கம் இருந்தா படத்துல கோடு கோடா விழும்," என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

செயினில் தாலி இருக்கிறது. முடியாது என்று எழுந்துவிட்டேன்.

"அப்போ பல்லு வேணாமா? முறுக்கெல்லாம் நானே தின்னுடுவேன், பரவால்லியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

கேட்டுவிட்டு, கோபுர வாசல் கடைக்குப் போய் மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு வாங்கி வந்தார். அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு மூன்று முடிச்சும் அவரே போட்டார். அதன் பிறகுதான் செயினைக் கழற்றினேன்.

"ஆடாம நில்லுங்கம்மா," என்று சொல்லி அந்தப் பெண் வெளியே போனாள். மெஷின் என் தலையைச் சுற்றத் தொடங்கியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர், கையில் இல்லாத அட்சதையை என்மேல் தூவிக்கொண்டிருந்தார். சிரித்துவிட்டேன். படம் கலங்கிவிட்டது.

"சார், நீங்க ரொம்ப ஜாஸ்தி பண்றீங்க. செவுத்தைப் பார்த்து நில்லுங்க," என்று அவரைத் திருப்பி நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தாள்.

எலும்பு போதுமாம். நரம்பும் தள்ளித்தான் ஓடுகிறதாம். பல் வைத்துவிடலாம்.

ஆக, எங்களுக்கு இப்போது இரண்டு கல்யாண நாள். இரண்டாவதுக்கும் பட்டுப்புடவை கேட்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.