விரல் நீள ஊசி

கோவில்பட்டியில் தீப்பெட்டி இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை என்னுடையது. அக்காவின் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். ஒருமுறை லீவில் வந்தவர் பட்டறையில் உட்கார்ந்து, "துப்பாக்கி ஊசி கேட்டு எழுதிப் போட்டு எட்டு மாசமாச்சு மாப்ள. இப்ப சின்னப் பட்டறைக்கும் டெண்டர் விடுதாவளாம். நீ செஞ்சு குடேன்" என்றார். தோட்டாவின் பின்னால் தட்டி அதை வெடிக்க வைக்கும் விரல் நீள ஊசி. எனக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

கடைவதற்கு இரண்டு நாள்தான் ஆனது. ஆனால் ராணுவத்துக்குப் பொருள் கொடுக்கும் பட்டறையாகப் பதிவு கிடைக்கவே ஒரு வருடம் போயிற்று. அங்கீகாரம் பெற்ற ஆலையில் எஃகு வாங்கியதற்குச் சான்று கேட்டார்கள். கொடுத்தேன். சோதனைக்கூட முடிவு வருவதற்குள் சான்றின் கெடு முடிந்துவிட்டது. திரும்ப வாங்கினேன். பிறகு வரைபடத்தையே திருத்தினார்கள், முடியளவு வித்தியாசம். மாதிரிகளை முதலிலிருந்து செய்தேன்.

பரிசோதிக்க வந்த அதிகாரி ஓய்வுபெறும் வயதில் இருந்தார். வெயிலில் வந்த களைப்போடு ஊசிகளை ஒவ்வொன்றாக அளந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அளவு சரின்னு நீங்களே சொல்லுதீங்க சார். அங்கன எங்க அத்தான் ஊசியில்லாம இருக்காவ. இவ்வளவு தாள் எதுக்கு?"

அவர் மைக்ரோமீட்டரைத் துடைத்தபடி சொன்னார்: "ஒரு தடவை சான்று பார்க்காம வாங்கினோம் தம்பி. ஊசி முனை உடைஞ்சு, நெருப்பு பின்பக்கமா அடிச்சு ஒரு சிப்பாய்க்குக் கண்ணு போச்சு. அந்த விசாரணையில நானும் இருந்தேன்."

அதற்குமேல் அவரிடம் கோபப்பட முடியவில்லை.

தேர்வானோம். ஆர்டர் வரவேண்டிய மாதத்தில் வேறொரு கடிதம் வந்தது. அந்த ரகத் துப்பாக்கியையே மாற்றப்போவதால் டெண்டர் ரத்தாம்.

அத்தான் அதற்குள் பணி முடிந்து சொந்த ஊரான நாகலாபுரத்துக்கே வந்துவிட்டார். ஈரம் காயாத கரிசலில் உளுந்து விதைத்துக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன்.

"புதுத் துப்பாக்கி வந்துட்டுதா அத்தான்?"

"எங்களுக்கு வரல. நான் சேரும்போதே வருதுன்னுதான் சொன்னாவ. பழுதாக் கெடந்த துப்பாக்கியில உள்ள ஊசியக் கழட்டிப் போட்டுச் சமாளிச்சோம்."

"அதுக்கு விதியில எடமிருக்கா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டு, காலில் அப்பிய மண்ணைச் சுரண்டினார்.

பட்டறையில் இப்போது தீப்பெட்டி வேலைதான் ஓடுகிறது. போன வாரம் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. படிவங்களை நிரப்பி அனுப்பினேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். அனுப்பிய ரசீதை, மிஞ்சிய மாதிரி ஊசிகள் கிடந்த டப்பாவில் போட்டு மூடினேன்.