ஐயம்பேட்டையில் பதினோராவது எபிசோடு

பட்டுப் புடவைக்கோ கோயிலுக்கோ காஞ்சிபுரம் போகிறவர்களுக்கு இந்தப் பதிவில் உபயோகமான தகவல் கடைசிக்கு முந்தைய பத்தியில் இருக்கிறது. நேராக அங்கே போய்விடலாம். நான் போனது ஒரு ஜப்பானிய டிராமாவின் கடைசி எபிசோடை ஒரு வீட்டில் போட்டுக் காட்ட. போன மாதம், ஒரு சனிக்கிழமை.

இந்த வலைப்பூவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எனக்கு ஜப்பானிய டிராமா பிடிக்கும். எண்பதுகளின் ஜப்பானிய ஐடல் பாட்டு, அதாவது கம்பெனிகள் நட்சத்திரமாக்கிய சின்னப் பெண்கள் பாடியது, அதைவிடப் பிடிக்கும். டிராமா பத்துப் பதினோரு எபிசோடில் முடிந்துவிடும். செத்தவர் வேறு முகத்தோடு திரும்பி வர மாட்டார். பாட்டு நான்கு நிமிடம். பாடுகிற பெண்ணுக்குச் சுருதி கொஞ்சம் விலகும், யாரும் அதைக் கணினியில் போட்டு நிமிர்த்தியிருக்க மாட்டார்கள். கடைசிப் பல்லவியில் அரைக்கட்டை ஏறும்போது எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுகிறவர்களுக்கு இது பிடிக்கப் போவதில்லை.

நாங்கள் சிலர் சேர்ந்து இந்த டிராமாக்களுக்குத் தமிழில் சப்டைட்டில் போடுகிறோம். மூத்தவர் தணிகை. காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டையில் பட்டுத் தறி நெய்தவர். ஊரடங்கில் வேலை நின்றபோது போனைப் பார்த்தே ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டார். அவருடைய சப்டைட்டிலில் டோக்கியோக்காரி "இன்னாத்துக்கு அழுதுக்கினு இருக்க?" என்று கேட்பாள். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது: அடுத்த காட்சியைப் பார்க்காமல்தான் மொழிபெயர்ப்பார். முடிவு தெரிந்துவிட்டால் அது முதல் வரியிலேயே கசிந்துவிடும் என்பார். குழுவில் ஒருவன் ஒரு டிராமாவின் முடிவை உளறியபோது அன்றைக்கே அவனைத் தூக்கிவிட்டார்.

கடைசியாக அவர் எடுத்துக்கொண்டது ஒரு முன்னாள் ஐடல் பாடகியின் கதை. ஒரே ஒரு பாட்டு ஓடி, பிறகு காணாமல் போய், ஐம்பது வயதில் ஒரு துறைமுக ஊரில் சலவைக்கடை நடத்துகிறாள். அந்தக் காலத்து மேனேஜர், 'இன்னொரு முறை உன்னை மேடையேற்றுவேன்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வருவானா, மாட்டானா, அவ்வளவுதான் கதை. பத்து எபிசோடு முடித்தார். பதினோராவதில் பாதி. அப்போது காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பிறகு கிட்னி என்றார்கள். அடுத்த வாரம் வந்துவிடுவேன் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

அங்கிருந்து ஒரு மத்தியானம் எனக்குப் போன் செய்தார். நான் மீட்டிங்கில் இருந்தேன். "நீ அத முன்னாடியே பாத்துட்டதானே? முடிவு இன்னா, சொல்லுபா" என்றார். இரண்டு வரியில் சொன்னேன். "நல்லாத்தான் முடிச்சிக்கிறான். பவானிகிட்ட சொல்லிடாத, அவ கேட்டுக்கட்டும்" என்று வைத்துவிட்டார். பவானி அவர் மனைவி. அந்த வாரமே தணிகை இறந்துபோனார்.

முடிவே கேட்காத மனிதர் முடிவைக் கேட்டார் என்றால் என்ன அர்த்தம் என்பது எனக்கு அதன் பிறகுதான் உறைத்தது. இரண்டு மாதம் கழித்துப் பவானி அக்கா என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கடைசி பாகத்த வந்து போட்டுட்டு போறியா தம்பி? அவருதான் தெரியாமலே போயிட்டாரு, நானாவது தெரிஞ்சிக்கிறேன்" என்றார். அந்தப் போன் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்காமலே ரயில் ஏறினேன்.

தாம்பரத்தில் காலை ரயில், செங்கல்பட்டு வழியாக. டிக்கெட் இருபது ரூபாய்தான். வாலாஜாபாத்திலேயே இறங்கிவிடு, அங்கிருந்து கிட்ட என்று அக்கா சொல்லியிருந்தார். நான் மேப்பை நம்பிக் காஞ்சிபுரம் போய் இறங்கி, வந்த திசையிலேயே ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். முக்கால் மணி நேரம் வீண், முப்பது ரூபாய் தண்டம். டிரைவரிடம் தறிக்காரர் தணிகை வீடு என்றேன்.

"ஊர்ல நாலு தணிகை, நாலு பேரும் தறிதான். எந்தத் தணிகை?"

"இறந்துபோனாரே…"

"ஜப்பான் தணிகையா? அத மொதல்ல சொல்ல வேணாமா." ஹாரன் அடித்து ஒரு மாட்டை விலக்கினார். "எம் பொண்ணுக்கு அந்த ஊர் பாட்டு ஒண்ணு கத்துக் குடுத்தான். ஸ்கூல்ல பாடிச்சி. ஒருத்தனுக்கும் புரியல, பிரைஸ் குடுத்துட்டானுங்க." இறங்கும்போது காசு வாங்கிக்கொண்டார். வாங்க மாட்டார் என்று நான் எதிர்பார்த்தது என் தப்பு.

முன்னறை முழுக்கத் தறி. தணிகை உட்கார்ந்த இடத்தில் இப்போது அவர் அப்பா உட்கார்ந்து நெய்கிறார். புடவைக் கரைக்கு நூல் ஓட்டத் தனி நாடா என்பதால் அதை வீசப் பக்கத்தில் பவானி அக்கா. சுவரில் மாலை போட்ட படம். லேப்டாப்பை ஸ்டூலில் வைத்தேன். பெரியவர் திரும்பாமலே, "சாவு வூடு. பாட்டு கூத்து எதுவும் கூடாது" என்றார்.

"கதை மட்டும்தான் மாமா. பாட்டு வந்தா கொறச்சிக்கலாம்" என்றார் அக்கா.

அங்கேதான் எனக்கு ஒன்று தெரிந்தது. இந்தப் பத்து எபிசோடில் ஒரு காட்சியைக்கூட அக்கா கண்ணால் பார்த்ததில்லை. கை தறியில், கண் கரையில். தணிகை நெய்துகொண்டே, ஓரக்கண்ணால் திரையைப் பார்த்து, எல்லாப் பாத்திரத்தின் வசனத்தையும் வாயால் பேசிக் காட்டுவாராம். இன்றைக்கு அதை நான் செய்ய வேண்டும்.

சப்டைட்டில் தெரிந்ததும் படித்தேன். ஊடை நூலை இறுக்கத் தறிப் பலகை அடிக்கிற சத்தத்தில் பாதி வார்த்தை காணவில்லை. "அடிச்சி முடிச்சதும் சொல்லு தம்பி" என்றார் அக்கா. தணிகையின் ஃபைல்களில் ஒவ்வொரு வரியும் அரை விநாடி தாமதமாக வரும். அந்தப் பிழையைப் பத்து எபிசோடிலும் நான்தான் உட்கார்ந்து சரிசெய்து வெளியிட்டேன். அது பிழையே இல்லை, பலகைச் சத்தத்துக்கு வழிவிட்டிருக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. இந்த ஃபைலில் இன்னும் நான் கை வைக்கவில்லை. அவர் விட்ட இடத்தில் பேசினால் கணக்காக உட்கார்ந்தது. (வெளியிட்ட பத்தும் அப்படியேதான் இருக்கும். தறி இல்லாத வீடுகளில் அதுதான் சரி.)

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் சப்டைட்டில் நின்றது. அதற்கு மேல் என் ஜப்பானிய மொழி. "நான் இன்னும் காத்திருக்கிறேன் என்று அவள் கூறுகிறாள்" என்றேன்.

"இன்னாபா, நியூஸ் வாசிக்கிற?" என்றார் பெரியவர். "அவ அப்டி பேசற பொம்பள இல்ல. அந்த மேனேஜர் பய வரானா இல்லையா, அத சொல்லு."

"நீங்க கேக்கறதே இல்லைன்னு சொன்னீங்க மாமா" என்றார் அக்கா.

"காது ரெண்டும் தெறந்துதானே கெடக்குது."

மேனேஜர் வரவில்லை. அவன் ஆறு மாதம் முன்பே இறந்துவிட்டான் என்று அவன் தங்கை வந்து சொல்கிறாள். நான் மெல்லவும் சொல்லவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. எனக்கு அது வராது. "செத்துட்டாராம்" என்றேன். நாடா நின்றது. பெரியவர் கையும் நின்றது. திரையில் அவள் சலவைக்கடை வாசலில், தெருக்காரர்கள் பத்துப் பேர் முன்னால் அந்தப் பழைய பாட்டைப் பாட ஆரம்பித்தாள். நான் சத்தத்தைக் குறைக்கப் போனேன்.

"இருக்கட்டும்" என்றார் பெரியவர்.

அக்கா எழுந்து வந்து முதன்முறையாகத் திரையைப் பார்த்தார். "இவளா அது? நான் ஒல்லியா இருப்பான்னு நெனச்சேன்" என்றார். பாட்டு முடிந்தது. மறுநாள் காலையில் அவள் கடையைத் திறந்து, முதல் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். முற்றும். இரண்டு பேரும் மறுபடி தறியில் உட்கார்ந்து வெளிச்சம் போகும்வரை நெய்தார்கள். எனக்கு ரசம் சாதம் போட்டது இருட்டுகிற நேரத்துக்குச் சற்று முன்னால்.

ஆட்டோ நிற்கிற இடம் வரை அக்கா கூட நடந்து வந்தார். "இந்த முடிவு தெரிஞ்சிருந்தா அவரு இன்னா சொல்லியிருப்பாரு?" என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் மழுப்ப முடியவில்லை.

"தெரியும்கா. ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணி என்கிட்ட கேட்டாரு. நல்லாத்தான் முடிச்சிருக்கான்னாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

அவர் நின்றுவிட்டார். "அவரா கேட்டாரு?"

"ஆமாக்கா."

"கேக்க மாட்டாரே." முந்தானையை இழுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "அடுத்த வாரம் வந்து மிச்சத்த போடறேன்னாரு எங்கிட்ட. அன்னிக்கேவா உன்னக் கேட்டாரு?"

என்றைக்கு என்று நினைவில்லை என்றேன். அது மட்டும் பொய்.

ஆட்டோ வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னார்: "சொன்னது நல்லதுதான். தனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி எங்கிட்ட நடிச்சிக்கினு இருந்திருக்கிறாரு, நானும் அவருகிட்ட அதான் பண்ணிக்கினு இருந்தேன். பொழைக்க மாட்டாருன்னு டாக்டர் எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாரு. மாமாகிட்ட மட்டும் வாய வுட்டுடாத."

எழுதலாமா என்று பிறகு போனில் கேட்டேன். பேரை மாற்றிவிட்டு எழுதிக்கொள் என்றார்.

இனி தகவல். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் எழுபத்தைந்து கிலோமீட்டர். ரயில் மலிவு, ஆனால் வண்டிகள் குறைவு. திரும்புகிற நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கோயில்கள் மத்தியானம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். அந்த வெயிலில் தெருவில் நிற்காதீர்கள். சமணக் கோயில் ஓவியங்களுக்குத் திருப்பருத்திக்குன்றம் போகிறவர்கள், போய்த் திரும்ப ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது. ஐயம்பேட்டைக்கு வாலாஜாபாத்தில் இறங்குங்கள். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அவர்களுக்கு அடுப்பு வேலை வைக்காதீர்கள். நான் வைத்தேன்.

ஊரைத் தவிர எல்லாப் பெயரும் மாற்றியிருக்கிறேன். அப்படியும் ஐயம்பேட்டைக்காரர் யாராவது வீட்டைக் கண்டுபிடித்துவிட்டால், தயவுசெய்து பெரியவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். அவரைப் பொறுத்தவரை அவர் மகன், அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துவிடுவோம் என்ற நினைப்போடுதான் கண்ணை மூடினான்.